கேட்போர் யார்? — ஆங்கிலேயர் ஆட்சிக்காலச் சிறுகதைகளில் இந்திய வாழ்க்கை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இந்திய வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு எழுந்த சிறுகதைகள் பல. அவற்றுள் ஆங்கிலேயர் எழுதியனவும் உண்டு. இந்தியர் ஆங்கிலத்தில் எழுதியனவும் உண்டு. இந்திய மொழிகளில் எழுந்தனவும் உண்டு. அக்காலச் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர் இக்கதைகளைச் சான்றாக எடுத்தாளுதல் பெருவழக்காகிவிட்டது. குழந்தை மணம், கைம்மை, சாதி ஒழுக்கம், சோதிட நம்பிக்கை என்று தலைப்புகளை வகுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் கதைகளிலிருந்து செய்திகளைத் திரட்டி அடுக்கும் ஆய்வேடுகளை நாம் அடிக்கடி காண்கிறோம். உழைப்புக்குக் குறைவில்லை. ஆயினும் அடிப்படையான வினா ஒன்று அவற்றில் எழுப்பப்படுவதே இல்லை. ஒரு கல்வெட்டைச் சான்றாகக் கொள்ளுமுன், அதனை வெட்டுவித்தார் யார், யார் பார்வைக்கு வெட்டுவித்தார் என்று வினவுகிறோம். கதைக்கு மட்டும் அவ்வினா வேண்டா என்று கருதுவது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வினாவை எழுப்புதற்கு நாம் மேனாட்டுத் திறனாய்வு நூல்களைத் தேடிச் செல்லவேண்டுவதில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுள் உறுப்புகளாக 34 கூறினார். அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், முன்னம் என்பனவும் அடங்கும். சொல்வோர் யார் என்பதோடு கேட்போர் யார் என்பதும் செய்யுளின் உறுப்பே என்று வைத்த நுட்பம் எண்ணி மகிழ்தற்குரியது. நம் அகப்பாடல்கள் பலவற்றின் அடியில், இன்னார் இன்னார்க்கு உரைத்தது என்னும் குறிப்பு நிற்கிறது. அக்குறிப்பை நீக்கிவிட்டுத் தலைவியின் சொல்லைத் தலைவன் கேட்கச் சொன்னதாகவோ தோழி கேட்கச் சொன்னதாகவோ மாற்றிக் கொண்டால் பாட்டின் பொருளே மாறிவிடும். சிறுகதைகளுக்கு அத்தகைய குறிப்பு இல்லை. எனவே கதையின் உள்ளிருந்தே கேட்போரை உய்த்துணர்தல் வேண்டும். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஆசிரியர் எதனை விளக்குகிறார், எதனை விளக்காமல் விடுகிறார் என்று பார்த்தால் போதும். கேட்போர் அறிந்ததனை எவரும் விளக்குவதில்லை.

இவ்வழியில் முதற்கண் கிப்ளிங்கின் கதை ஒன்றனைக் காண்போம். கிப்ளிங் இலாகூரிலிருந்து வெளிவந்த ஆங்கில நாளிதழ் ஒன்றில் பணியாற்றியவர். அவ்விதழின் பக்கத்தில் ஒதுக்கப்பெற்ற சிற்றிடத்திற்கு ஏற்ப அவர் எழுதிய சிறுகதைகள் பலவும், புதியன சிலவும் சேர்ந்து, 1888-இல் கல்கத்தாவில் நூலாக வெளிவந்தன. அத்தொகுப்பிலுள்ள ‘எல்லைக்கு அப்பால்’ என்று பொருள்படும் பெயருடைய கதையில், பிசேசா என்னும் இளங்கைம்பெண் திரஜாகோ என்னும் ஆங்கிலேயனுக்கு ஒரு பொதியை அனுப்புகிறாள். அதனுள் எழுத்து ஒன்றும் இல்லை. உடைந்த கண்ணாடி வளையலின் பாதி, செந்நிறப் பலாசமலர் ஒன்று, சிறிதளவு மாட்டுத்தீனி, பதினோர் ஏலக்காய் ஆகியனவே உள்ளன. இத்தகைய ‘பொருள் மடலை’ ஆங்கிலேயன் எவனும் படித்தறியக் கூடாது என்று கதை சொல்வோன் கூறுகிறான். கூறிய மாத்திரத்தில் திரஜாகோ அதனைப் படித்தறிவதையும் காட்டுகிறான். உடைந்த வளையல் கைம்பெண்ணைக் குறிக்கும். மலர் விருப்பத்தையும் இடரையும் குறிக்கும். தீனி சந்தின் முனையில் கிடக்கும் வைக்கோற்குவியலைக் குறிக்கும். ஏலக்காய் பலவாக வரின் எண்ணைக் குறிக்கும், ஆதலின் இரவு பதினொரு மணி என்று ஒவ்வொன்றாக உரை விரிகிறது.

உரையாசிரியர் மரபில் வந்த நமக்கு இப்பகுதி ஒரு தனிச்சுவை உடையது. ஏனெனில் இது பதவுரையே. ஆனால் யார்க்கு உரைத்த பதவுரை? கைம்மை எய்தினார் தொடி கழித்தலைப் புறநானூற்றிலேயே காண்கிறோம். உடைந்த வளையலைக் கண்டால் கைம்பெண் என்று உணர்தற்கு இந்நாட்டில் எவர்க்கும் உரை வேண்டா. ஆகவே கேட்போர் இலாகூரிலும் சிம்லாவிலும் கல்கத்தாவிலும் இருந்த ஆங்கில அலுவலரும் படைத்தலைவரும் அவர்தம் மனைவியருமே என்பது தெளிவு. இந்நாட்டைப் பற்றிய அறிவு அவர்கட்கு ஓர் உடைமை. தாம் ஆளும் மக்களின் மறைமொழியைத் தம்மவன் ஒருவன் படித்துவிட்டான் என்பதே அவர்கள் இக்கதையில் அடையும் முதல் இன்பம். அவ்வாறு படித்தவன் வரம்பு கடந்ததற்கு வருந்தினான் என்பது இரண்டாம் இன்பம்.

கதையின் முடிவு கொடியது. செய்தி வெளிப்பட்டபின் பிசேசாவின் இரு கைகளும் மணிக்கட்டில் வெட்டப்படுகின்றன. திரஜாகோ காலில் சிறிது விறைப்போடு தப்பிவிடுகிறான். பின்னர் அந்த வீட்டின் முகப்பைக் கூட அவனால் கண்டுபிடிக்க இயலவில்லை. ஈண்டுக் கவனிக்க வேண்டியது யாதெனில், துன்பத்திற்குக் காரணம் முழுவதும் சுவரின் உட்புறத்திலேயே வைக்கப்படுகிறது என்பதே. கொடுமை அவர்கள் வழக்கம். சந்துக்குள் நுழைந்தது இவன் பிழை. ஆங்கில ஆட்சி என்பது அச்சந்தில் காற்றைப்போலக் கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கிறது. கிப்ளிங்கின் ஆற்றலை மறுப்பார் இலர். சொற்சுருக்கத்திலும் காட்சி அமைப்பிலும் அவர் வல்லவர். ஆயினும் இக்கதையை வட இந்தியக் கைம்பெண்டிர் நிலைக்குச் சான்றாக அடிக்குறிப்பில் காட்டுவோர், அது எவர் அவையில் சொல்லப்பட்டது என்பதையும் உடன் எழுதல் வேண்டும்.

இனி நாட்டுப்புறக் கதைத் தொகுப்புகளுக்கு வருவோம். மேரி பிரேரே என்னும் ஆங்கிலப் பெண்மணி, அன்னா லிபராட்டா டிசௌசா என்னும் தம் ஆயாவிடம் கேட்ட கதைகளை 1868-இல் வெளியிட்டார். இலால் பிகாரி தே 1883-இல் வங்கநாட்டுக் கதைகளையும், இசுட்டீல் அம்மையார் தெம்பிளுடன் சேர்ந்து 1884-இல் பஞ்சாபு, காசுமீரக் கதைகளையும் வெளியிட்டனர். இவ்வரிசையில் தமிழ்நாட்டின் பங்காக அமைந்தவை பண்டித நடேச சாஸ்திரியாரின் (1859–1906) தொகுப்புகள். தொல்பொருள் ஆய்வுத்துறையில் பணியாற்றிய அவர், தென்னிந்தியக் கதைகளை ஆங்கிலத்தில் எழுதி ‘இந்தியன் ஆண்டிகுவரி’ என்னும் ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார். 1884 முதல் அவை பகுதி பகுதியாக நூலுருப் பெற்றன.

அந்நூல் அடைந்த வரலாறு ஆராய்வார்க்குப் படிப்பினை தருவது. 1890-இல் இலண்டனில் ‘ஞாயிற்றுக் கதைகள்’ என்னும் கருத்துடைய பெயரோடு ஒரு தொகுப்பு வெளிவந்தது. தலைப்புப் பக்கத்தில் கிங்சுகோட் அம்மையார் பெயர் முன்னும், சாஸ்திரியார் பெயர் பின்னுமாக நிற்கின்றன. தாம் முதலில் வேலைக்காரர் வாயிலாகவே கதைகளைத் திரட்டியதாகவும், அவர்கள் கடைத்தெருக் கிழவியரிடம் கேட்டுவந்தவை பல கலப்புகள் உடையனவாய் இருந்தனவாகவும், சாஸ்திரியார் உதவி கிடைத்திராவிடின் தம் நூல் பிழை மலிந்ததாய் வெளிவந்திருக்கும் என்றும் அம்மையார் முன்னுரையில் எழுதுகிறார். வேலைக்காரர் தந்த கதைகளின் கலப்பிற்கு அவர் எடுத்துக்காட்டும் உவமை, அவர்கள் சமைக்கும் குழம்பும் சோறும்! நன்றியறிதல் உள்ள முன்னுரைதான். ஆனால் உவமை ஆசிரியரின் இருக்கையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அடுத்த படி இன்னும் தெளிவானது. 1892-இல் யோசேப்பு சேக்கப்சு என்பார் இந்தியக் கதைகளை ஆங்கிலச் சிறுவர்க்கெனத் தொகுத்தபோது, ‘சோதிடன் மகன்’ என்னும் கதையை இத்தொகுப்பிலிருந்தே எடுத்துக்கொண்டார். மூலத்தின் ‘பாபு ஆங்கிலத்தை’த் தாம் சுருக்கியும் திருத்தியும் அமைத்ததாகக் குறிப்பில் எழுதினார். தமிழ்நாட்டு வாய்மொழி ஆங்கிலமாகி, ஆராய்ச்சி இதழாகி, இலண்டன் நூலாகி, ஆங்கிலக் குழந்தையின் கைக்குச் சென்று சேர்ந்தது. ஒவ்வொரு படியிலும் கேட்போர் மாறினர். மாறுந்தொறும் கதையும் சிறிது மாறியது.

அக்கதையின் பொருளையே எடுத்துக்கொள்வோம். கங்காதரன் என்பவன் பாழுங்கிணற்றில் விழுந்த புலி, பாம்பு, எலி ஆகியவற்றைக் காப்பாற்றுகிறான். அவை தடுத்தும் கேளாமல் ஒரு பொற்கொல்லனையும் காப்பாற்றுகிறான். விலங்குகள் நன்றி மறவாமல் உதவுகின்றன. பொற்கொல்லனோ அவனைக் காட்டிக்கொடுத்துச் சிறையில் தள்ளுகிறான். இதனைப் படித்த மாணவர் ஒருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழர் பொற்கொல்லரைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்திற்கு இது சான்று என எழுதக்கூடும். கிணற்றில் பொற்கொல்லன் விழுவது பஞ்சதந்திரத்தின் ஒரு வடிவிலேயே உள்ளது. புத்த சாதகக் கதையிலோ நன்றி கொன்றவன் அரசகுமாரன். பாத்திரம் கதையோடு வந்த பழம்பொருளே அன்றித் திருச்சிராப்பள்ளித் தெருவில் கண்டது அன்று. ‘தென்னிந்திய நாட்டுப்புற வழக்கு’ என்னும் தலைப்பு மேலே இருத்தலின், உள்ளே வருவன எல்லாம் அந்நாட்டின் வழக்கங்கள் என்று அயல்நாட்டுப் படிப்பாளர் கொண்டனர். தலைப்பை நம்பி நாமும் அங்ஙனமே கொள்ளுதல் தகாது.

சாஸ்திரியாரைக் குறைகூறுதல் இங்கு நோக்கமன்று. அவரே 1886-இல் ‘திராவிடப் பூர்வகாலக் கதைகள்’, ‘திராவிட மத்தியகாலக் கதைகள்’ என்னும் பெயர்களில் தமிழிலும் கதைகளை வெளியிட்டார். ஒரே ஆசிரியர், ஏறத்தாழ ஒரே காலத்தில், இருவேறு அவைகளுக்குக் கதை சொல்லியிருக்கிறார். இத்தமிழ்ப் பதிப்புகளை ஆங்கிலப் பதிப்புகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டு நோக்குதல், முதுகலை மாணவர் ஒருவர் மேற்கொள்ளத்தக்க நல்ல பணி.

இந்தியரே ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதைகளைப் பற்றிச் சுருக்கமாகக் கூறி மேற்செல்வோம். 1898-இல் சென்னையில் வெளிவந்த சத்தியநாதன் தம்பதியரின் இந்தியக் கிறித்தவ வாழ்க்கைக் கதைகளும், 1901-இல் இலண்டனில் வெளிவந்த கொர்னேலியா சொராப்ஜியின் முகத்திரைக்குப் பின்னுள்ள வாழ்க்கை பற்றிய கதைகளும் குறிப்பிடத்தக்கன. சொராப்ஜி அந்தப்புர மகளிரை நேரில் அறிந்தவர். பின்னாளில் அவர்கள் சொத்துரிமைக்காக அரசாங்கச் சட்ட அறிவுரையாளராகப் பணியாற்றியவர். அவர் அறிவு கடன் வாங்கிய அறிவு அன்று. எனினும் திரையை விலக்கிக் காட்டுபவர், திரைக்கு வெளியே நிற்பார்க்கே அன்றோ காட்டுதல் கூடும்? உள்ளே இருப்பவர்க்கு அது வெறும் வீடு.

அ. மாதவையா (1872–1925) நிலை இவற்றினின்றும் வேறானது. திருநெல்வேலிப் பெருங்குளத்தில் பிறந்து, உப்புத்துறையில் அலுவல் பார்த்த அவர், ‘குசிகர்’ என்னும் புனைபெயரில் ‘இந்து’ நாளிதழில் ஆங்கிலச் சிறுகதைகளை எழுதினார். பொருள் பெரும்பாலும் மணச் சீர்திருத்தம். மொழி ஆங்கிலமாயினும் கேட்போர் ஆங்கிலேயர் அல்லர். அந்நாளிதழைப் படிக்கும் தென்னாட்டு வழக்கறிஞரும் எழுத்தரும் ஆசிரியருமே. வீட்டில் மகளுக்குப் பத்து வயதில் மணம் பேசுபவர் அவரே. ஆகவே மொழியை மட்டும் கொண்டு கேட்போரைத் துணிதல் பிழையாகும். பின்னர் மாதவையா தம் கதைகளைத் தாமே தமிழாக்கி, 1924-இல் ‘குசிகர் குட்டிக் கதைகள்’ என வெளியிட்டார். அப்போதுதான் அக்கதைகள் எவரைப் பற்றியனவோ அவர்களை, அஃதாவது ஆங்கிலம் அறியா வீட்டுப் பெண்டிரை, அடையும் வழி திறந்தது.

மாதவையாவின் நெஞ்சு நேர்மையை ஐயுறுதற்கு இடமில்லை. ஆனால் அக்கதைகளின் அமைப்பில் ஒரு பழைய தடம் தெரிகிறது. தீய வழக்கம் ஒன்று முதலில் நிறுத்தப்படுகிறது. கதைமாந்தர் அதற்கு எடுத்துக்காட்டாக வந்து வருந்துகின்றனர். ஆங்கிலேயர் கதைகளில் ‘இவர்கள் வழக்கம்’ என்று நின்ற இடத்தில் ‘நம் வழக்கம்’ என்பது வந்து நிற்கிறது. இடம் மட்டும் அதுவே. 1903-இல் அவர் எழுதிய ‘முத்துமீனாட்சி’ நாவலில் கைம்பெண்ணே தன் கதையைத் தானே சொல்லுகிறாள். அந்நூல் இக்குட்டிக் கதைகளினும் உயிருடையது என்பது என் கருத்து.

மேலே கண்டவற்றோடு ஒப்பிடும்போதுதான் வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ செய்த மாறுதல் விளங்கும். இலண்டனில் சட்டம் பயின்று, அரசாங்கத்தின் பிடிக்குத் தப்பி 1910-இல் பிரெஞ்சுப் புதுச்சேரியை அடைந்த ஐயர், அங்கிருந்து எழுதிய கதை இது. 1915-இல் ‘விவேகபோதினி’ இதழில், தம் மனைவியார் பாக்கியலட்சுமி அம்மாள் பெயரில் வெளியிட்டார். பின்னர் 1917-இல் ‘மங்கையர்க்கரசியின் காதல்’ தொகுப்பில் சேர்த்தார். தாகூர் 1884-இல் எழுதிய ‘காட்டேர் கதா’ என்னும் படித்துறைக் கதையைத் தழுவியது இஃது என்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அதனைக் கொண்டு ஐயர் கதையின் சிறப்பு குன்றிவிட்டதாகச் சிலர் எழுதுகின்றனர். தழுவலாயிற்று என்பதோடு நில்லாமல், எதனை மாற்றினார் என்று பார்த்தல் வேண்டும்.

தாகூர் கதையில் கங்கைக் கரையின் படித்துறை பேசுகிறது. குசுமம் சிறு வயதிலேயே கைம்மை எய்தியவள். கணவனை ஒத்த துறவி ஒருவர் வருகிறார். அவரிடம் அவள் உள்ளம் செல்கிறது. தம்மை மறந்துவிடுமாறு அவர் பணிக்க, அவள் நீரில் இறங்கி மறைகிறாள். ஐயர் கதையில் ருக்மிணி கைம்பெண் அல்லள். கணவன் நாகராசன் உயிருடன் இருக்கிறான். அவளிடம் அன்பும் உடையவன். துன்பம் வேறொரு வாயிலாக நுழைகிறது. அவள் தந்தை காமேசுவரையர் தம் கைப்பொருளை எல்லாம் சென்னை வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் போட்டு வைத்திருந்தார், கம்பெனி முறிந்தது, அவர் வறியவரானார். அதன் பின்னரே மாமியார் வீட்டின் முகம் மாறுகிறது. நாகராசனுக்கு வேறு பெண் பார்க்கப்படுகிறது. பெற்றோருக்குப் பாடம் கற்பிக்க வேண்டி, மணத்திற்கு இசைந்தவன்போல் நடித்துக் கடைசி நேரத்தில் மறுப்பதென நாகராசன் எண்ணுகிறான்; அதனை நண்பனிடம் சொல்கிறான்; மனைவியிடம் தெளிவாகச் சொல்லவில்லை. ருக்மிணி குளத்தில் உயிர்விடுகிறாள். அவன் துறவியாகிறான். தாகூர் கதையில் தொடக்கத்தில் வந்த கைம்மையும் இடையில் வந்த துறவும் இங்கே இடம் மாறி நிற்பதைக் காணலாம்.

அக்கம்பெனி கற்பனையன்று. சென்னையின் பெரிய ஆங்கில வணிக நிறுவனங்களுள் ஒன்றாகிய அர்பத்நாட்டுக் கம்பெனி 1906 அக்டோபர் 22-ஆம் நாள் முறிந்தது. ஆயிரக்கணக்கான தென்னிந்தியக் குடும்பங்களின் சேமிப்பு மறைந்தது. ஓய்வு பெற்றோரும் கைம்பெண்டிரும் சிறு நிலக்கிழாரும் அதில் பணம் போட்டிருந்தனர். நிறுவனத் தலைவர் சர் சார்சு அர்பத்நாட் 1907-இல் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அவ்வீழ்ச்சியின் விளைவாகவே, வி. கிருட்டிணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால், அதே ஆண்டில் இந்தியன் வங்கி தோன்றியது.

இவ்வளவு செய்தியும் அரசமரம் அறியாது. அர்பத்நாட் என்னும் பெயரே அதன் வாயில் ஏதோ நாட்டான் ஒருவன் பெயராகத் திரிந்து ‘அருபத்துநாட்டான்’ என்று ஒலிக்கிறது. கிப்ளிங் கதையில் இந்தியப் பொருள்களுக்கு உரை விரிந்ததை முன்னர்க் கண்டோம். இங்கே உரை பெறவேண்டிய அயற்பொருள் ஆங்கிலக் கம்பெனி! வளையலும் தாலியும் மடிசாரும் விளக்கமின்றி வருகின்றன. விளங்காமல் நிற்பது வெள்ளைக்காரன் பெயரே. நோக்கு முற்றிலும் திரும்பிவிட்டது என்பதற்கு இதனினும் சிறந்த அகச்சான்று வேண்டுவதில்லை.

காரணமும் உடன் திரும்பியது. ஐயர் வழக்கத்தை விட்டுவிடவில்லை. மணம் பண்டமாற்றாகி நின்றதையும், மருமகளைப் பொருளால் அளந்ததையும், ஆண்மகன் தன் எண்ணத்தை மனைவிக்கு மறைத்ததையும் அவர் மன்னிக்கவில்லை. ஆனால் அவ்வழக்கம் கொலைக்கருவியாவதற்கு ஒரு வங்கியின் வீழ்ச்சி வேண்டியிருந்தது என்று காட்டினார். இந்தியரின் துயரம் எல்லாம் இந்திய வழக்கத்தின் விளைவே என்று சொல்லிவந்த கதைகளின் இடையே, சுவருக்கு வெளியிலும் ஒரு காரணத்தை வைத்த கதை இது. அரசியல் முழக்கம் ஒன்றும் இல்லாமல், ஊர்க் கிழவியின் பேச்சுப்போல, போகிற போக்கில் வைத்தார். பாரதியார் 1910-இல் வெளியிட்ட ‘ஆறில் ஒரு பங்கு’ 1911-இல் அரசாங்கத் தடைக்கு உள்ளாயிற்று என்பதை நினைவிற்கொண்டால், அந்த அடக்கத்திற்குக் காரணம் கலை மட்டுமன்று என்றும் தோன்றும்.

கதையின் இறுதியில் அரசமரம், பெண்ணின் மனம் நோக எதுவும் செய்யப் புகுமுன் இதனை நினைத்துக்கொள்ளுமாறு கேட்போரை வேண்டுகிறது. சிறுகதை இலக்கணத்திற்கு இது மாறுபட்டது, அறிவுரை ஒட்டுப்போட்டாற் போல் நிற்கிறது என்று குறைகூறுவார் உளர். கலைநோக்கில் அக்குறை ஓரளவு உண்மையே. ஆனால் வரலாற்று நோக்கில் அவ்வேண்டுகோள் விலைமதிப்பற்றது. அதில் கேட்போர் வெளிப்பட நிற்கின்றனர். குளத்திற்கு நீராட வரும் அவ்வூர் இளையோர் அவர்கள். எந்தக் கலெக்டருக்கும், எந்த இலண்டன் பதிப்பாளருக்கும் அம்மரம் கதை சொல்லவில்லை.

இவ்வளவும் கூறியபின் ஒன்றனை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓராண்டு வகுப்பில் இக்கதையைப் பாடம் நடத்தியபோது, அருபத்துநாட்டான் என்னும் சொல்லில் மாணவர் அனைவரும் நின்றுவிட்டனர். ஒருவர் அதனை ஊர்ப்பெயர் என்றார். 1915-இல் அதனைப் படித்தவர்க்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. பணம் இழந்தவர் ஒருவரேனும் அவர் உறவில் இருந்திருப்பார். இனி வரும் பதிப்புகளில் அச்சொல்லுக்கு ஓர் அடிக்குறிப்பு இடுதல் வேண்டும்.